பஞ்சண்ணனின் இடது கன்னம்

கொடைக்கானலில் ஒரு காலத்தில் பளபளவென்று ஓடிய கார்கள் அத்தனையும் ஒரே ஒரு மனிதனின் இடது கன்னத்துக்குக் கட்டுப்பட்டவை. மிகையாகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. நான் அந்தக் கன்னத்தோடு நாலு வருடம் குப்பை கொட்டியவன்.

ஏரிக்கு மேலே ஏறும் சாலையில், கார்களுக்கு மெருகு போடும் கடை அது. நான் மேனேஜர். மேனேஜர் என்றதும் சுழல் நாற்காலியெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு செல்போன், அந்தப் போனில் திண்டுக்கல்லிலிருந்து ஓனர் விடும் வசவு, இவ்வளவுதான் என் பதவி. மெருகு போடுகிறவர் பஞ்சண்ணன். அவருடைய நிஜப் பெயர் ஆதார் அட்டையில் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர்தான். ஆனாலும் நான் அவரை ‘பஞ்சண்ணே’ என்றேன், அவர் என்னை ‘மேனேசரு’ என்றார். மரியாதைக்குக் குறைச்சல் இல்லாத கடை. மற்ற எல்லாவற்றுக்கும் குறைச்சல்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மெருகு மெஷின் என்பது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓட்டுகிற சாமான். அதன் முனையில் ஒரு வட்டத் தட்டு சுற்றும். தட்டின் மேல், தன் முதுகில் ஒட்டியிருக்கும் வெல்க்ரோ ஒட்டுத்துணியின் பிடியில், வட்டமான ஸ்பாஞ்சுப் பஞ்சு ஒன்று நிற்கும். பஞ்சில் மருந்தைத் தடவி பெயிண்ட் மேல் ஓட்டினால் கீறல் மறையும். உலகத்தில் மற்றவர்களெல்லாம் பஞ்சை எடுப்பார்கள், தட்டில் ஒட்டுவார்கள், வேலையைப் பார்ப்பார்கள். நம் ஆளுக்குப் பஞ்சு எடுப்பதற்கே முக்கால் மணி நேரம் ஆகும்.

முதலில் வண்டியை மூன்று சுற்று சுற்றி வருவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பஞ்சாக இடது கன்னத்தில் வைத்து அழுத்துவார். இது கெட்டி, இது மெத்து, இதில் பழைய மருந்து காய்ந்து உப்பாய்க் கிடக்கிறது, இது போலி என்று கன்னம் சொல்லும். இந்த உத்தியோகத்துக்காக இடது கன்னத்துக்கு மட்டும் தினமும் இரண்டு தடவை சவரம். காலையில் ஒன்று வீட்டில். மத்தியானம் ஒன்று எங்கள் கடைக் குழாயடியில், கஸ்டமர் வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. வலது கன்னம் வாரக் கணக்கில் புதராகக் கிடக்கும். இடப்பக்கமிருந்து பார்த்தால் மாப்பிள்ளை, வலப்பக்கமிருந்து பார்த்தால் ஜாமீனில் வந்தவர்.

ஒருமுறை சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மா, அவர் கண்ணை மூடிக் கன்னத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். “பாவம், அவருக்குப் பல் வலியா?” என்றார். விளக்கம் சொல்லும் பொறுமை எனக்கு அன்றைக்கு இல்லை, எந்த நாளும் இருந்ததில்லை. ஆமாம் என்றேன். அந்த அம்மா கைப்பையைத் துழாவி ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். பஞ்சண்ணன் அதை வாங்கி, பணிவாக விழுங்கி, தண்ணீரும் குடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து கேட்டார்: “என்ன மேனேசரு, எதுக்குங்க மாத்திரை?”

வண்டியைச் சுற்றும்போது அவர் சொல்கிற குறி இன்னொரு தொல்லை. காட்டுமாடு உரசியது, கேரட் மூட்டை இழுத்தது, பனி ஈரத்தை டிரைவர் வெறுந்துணியால் தேய்த்தது என்று ஒவ்வொரு கீறலுக்கும் ஜாதகம் வைத்திருந்தார். அதில் அவர் மிகவும் வெறுத்தது ‘பழனிக் கீறல்’. புது வண்டிக்குப் பழனியில் பூஜை போட்டு, போனட்டில் திருநீற்றுப் பட்டையும் சந்தனமும் பூசிக்கொண்டு மலை ஏறுவார்கள். ஏறுவதற்குள் அது காய்ந்து மண்ணாகிவிடும். லாட்ஜ் வாசலில் இறங்கியதும், துண்டை எடுத்து நறநறவென்று ஒரே துடைப்பு. போனட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரிக் கீறல்.

“சாமி கும்புட வேணாம்னு சொல்லல மேனேசரு. தண்ணிய ஊத்திட்டுத் தொடைங்கய்யாங்கிறேன். ஒங்க ஊரு ஆளுகளுக்கு அதுக்குள்ள என்ன அவசரம்?”

நான் பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்துக்காரன். ஒவ்வொரு கீறலுக்கும் நானே துண்டை எடுத்துத் துடைத்ததுபோல அவர் என்னைப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கம்பளிப் பஞ்சு வந்தால் தனிக் கச்சேரி. அவர் மன்னவனூர்க்காரர். அந்த ஊரில் ஆட்டுப் பண்ணை இருப்பதால் உலகத்துக் கம்பளியெல்லாம் தன் தீர்ப்புக்குக் காத்திருக்கிறது என்று அவருக்கு ஒரு நினைப்பு. பாக்கெட்டைப் பிரித்து முகர்ந்து பார்ப்பார். “இந்த ஆடு பட்டினி கெடந்த ஆடு,” என்பார். ஒருமுறை, “இது ஆடே இல்லீங்க,” என்று ஒரு டஜனைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஓனரிடம் அதற்கு நான் திட்டு வாங்கினேன். ஆடும் இல்லை, நானும் இல்லை, யாரோ செய்த தப்புக்கு.

தட்டு விஷயத்தில்தான் ஓனர் முதல் தடவை அவரை அனுப்பப் பார்த்தார். தட்டு எப்போதும் பஞ்சைவிட ஒரு சுற்று சின்னதாக இருக்க வேண்டும். பஞ்சு நாலு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் தட்டின் விளிம்பு பெயிண்டில் படாது. இதைப் பஞ்சண்ணன் வேதவாக்காக வைத்திருந்தார். வளைவான இடத்துக்கு வளைந்துகொடுக்கும் தட்டு, சமதளத்துக்குக் கெட்டித் தட்டு என்று ஆறேழு வைத்துக்கொண்டு, மாட்டுவதும் கழற்றுவதுமாக இருப்பார். மே மாத சீசனில் வரிசையாக வண்டிகள் நிற்கும்போது ஓனர் மலையேறி வந்து இதைப் பார்த்துவிட்டார். மறு வாரமே ஒரு பெரிய கெட்டித் தட்டோடு வந்து நின்றார்.

“இனிமே எல்லா வண்டிக்கும் இந்த ஒரே தட்டுதான். வெரசா ஒரு வண்டி, அடுத்த வண்டி. இஷ்டமில்லேன்னா கெளம்பிக்கிட்டே இரு.”

பஞ்சண்ணன் தட்டை வாங்கி, பஞ்சை அதன் மேல் வைத்துப் பார்த்தார். தட்டின் விளிம்பு வெளியே தெரிந்தது. “நல்லதுங்க. மொதல்ல ஓனரு வண்டியில ஓட்டிப் பாத்துருவமா?” என்று கேட்டுக்கொண்டே மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓனரின் காரை நோக்கி நடந்தார். ஓனர் ஓடிவந்து தட்டைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதன் பிறகு அந்தத் தட்டை நான் பார்க்கவே இல்லை.

பெயிண்டையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தன் பிழைப்பைப் பற்றிப் பயம் இல்லையா என்றால், இருந்தது. நிறையவே இருந்தது. மன்னவனூரில் அவர் குடும்பத்துப் பூண்டுக் காடு அண்ணன் கையில் இருந்தது. அண்ணன் ஒருமுறை எங்கள் கடைக்கே வந்து, தம்பி கன்னத்தில் பஞ்சை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, நாலு டிரைவர்கள் முன்னால் சிரித்தார். “மம்பட்டி புடிக்கத் துப்பில்ல, மூஞ்சியில பஞ்சு வச்சுக்கிட்டு நிக்கிறான். இந்தக் கூத்து எத்தன நாளைக்குன்னு பாக்குறேன். அப்பறம் என் காட்டுக்குத்தான வந்தாகணும்?” என்றார். பஞ்சண்ணன் தலை நிமிரவில்லை. அண்ணன் போன பிறகு என்னிடம், “அந்தக் காட்டுக்கு மட்டும் போயிரக் கூடாதுங்க மேனேசரு,” என்றார். அவர் என்னிடம் வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆசை அதுதான்.

இனி மழைக்காலத்துக்கு வருகிறேன். கொடைக்கானல் மழையைப் பற்றிக் கவிதை எழுதுகிறவர்கள் அங்கே ஒரு ஜட்டியைக் காயப்போட்டுப் பார்த்துவிட்டு எழுதட்டும். ஐப்பசி, கார்த்திகையில் துவைத்தது எதுவும் நாலு நாளைக்குக் காயாது. மலைக்கு வந்த முதல் வருடமே நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா எனக்கு வழி சொல்லிக் கொடுத்துவிட்டார். கணப்புச் சட்டியில் கரியைப் போட்டு, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் துணியைப் பரப்ப வேண்டும். அரை மணியில் மொறுமொறுவென்று காயும். மலையில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். சாக்ஸ், பள்ளிக்கூட யூனிபார்ம், குழந்தைத் துணி எல்லாம் கூடை மேல்தான்.

பஞ்சண்ணன் மட்டும் கழுவிய பஞ்சைக் கணப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோக விடமாட்டார். பஞ்சையும் ஒட்டுத்துணியையும் சேர்த்து வைத்திருப்பது பசை. சூடு பட்டால் அது இளகிவிடும். வெயில் இல்லை, சூடும் ஆகாது, பிறகு எப்படிக் காயும்? தன் வயிற்றில்தான். பிழிந்த பஞ்சுகளைத் துணியில் சுற்றி, பனியனுக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில் செருகிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போவார். உடம்புச் சூட்டில் விடிவதற்குள் காய்ந்துவிடுமாம். ஒரு தடவைக்கு நாலு பஞ்சுதான், அதற்கு மேல் அவர் வயிறு தாங்காது. மழைக்காலம் முழுக்க ஏழு மாத வயிற்றோடு திரிவார்.

“என்னண்ணே, இன்னைக்கு அசையுதா?” என்று கண்டக்டர் கேட்பாராம்.

“ஒதைக்குதுங்க,” என்று இவர் பதில் சொல்வாராம். பஸ்ஸே சிரிக்குமாம். இதை அவரே வந்து என்னிடம் சொல்வார். நானும் சிரித்துத் தொலைப்பேன்.

காலையில் வந்ததும் பஞ்சுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அடுக்குவார். மெஷினில் மாட்டுவதற்கு முன் பஞ்சைப் பின்பக்கம் புரட்டி, ஒட்டுத்துணியின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுற்றிலும் நெருடிப் பார்ப்பார். எங்காவது பிரிகிறதா என்று. நாலு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் புரட்டாமல் மாட்டி நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு நாளைத் தவிர.

அந்த வருடம் எவனோ ஒரு புண்ணியவான், வண்டியைக் கொடுக்க ஒரு நாள் தாமதம் என்று இணையத்தில் எங்களுக்கு ஒரே ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போனான். ஏரியில் படகு விட்டு, சாக்லேட் தின்று, தைல பாட்டில் வாங்கி, போகிற போக்கில் ஒருவன் வயிற்றில் அடித்துவிட்டுப் போவதுதான் சுற்றுலா. ஓனர் போனில் குதித்தார். “இன்னும் ஒரு வண்டி. ஒரே ஒரு வண்டியில அந்தாளு பஞ்சு காயல, தட்டு சரியில்லன்னு இழுக்கட்டும். அன்னைக்கே மூட்டையக் கட்டிர வேண்டியதுதான். சொல்லிரு.” நான் சொன்னேன். கேட்டதும் பஞ்சண்ணனின் முகம் சுருங்கிப்போனது. அன்றைக்கு மத்தியானம் சவரம் பண்ணக்கூட மறந்துவிட்டார்.

அடுத்த பத்து நாளில் வந்தது அந்தக் கறுப்புக் கார். ஓனரின் புதுச் சம்பந்தியுடையது. பழனியில் பூஜை போட்டுவிட்டுப் பட்டையோடு மலையேறி, வழக்கம்போல வெறுந்துண்டால் துடைத்து, போனட்டை நாசம் பண்ணியிருந்தார். மறுநாள் காலை பதினொரு மணிக்குள் கண்ணாடியாக வேண்டும், தானே கூட வந்து நிற்பேன் என்று ஓனர் சாயங்காலம் போன் பண்ணினார். அதற்குள் பஞ்சண்ணன் நாலு பஞ்சைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டிருந்தார். அந்தக் கறுப்பு பெயிண்டுக்குத் தேவையான மெத்துப் பஞ்சு ஐந்தாவது பஞ்சு. அது வயிற்றில் இடம் இல்லாமல் கடையில் ஈரமாகக் கிடந்தது. “அதத் தொட்டுறாதீங்க மேனேசரு. நாளைக்கு அதோட மொறை,” என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

தொட்டேன். வீட்டுக்கு எடுத்துப் போய், கணப்பு மூட்டி, கூடையைக் கவிழ்த்து, என் சாக்ஸ் இரண்டுக்கும் நடுவில் அந்தப் பஞ்சைப் பரப்பினேன். அவர் வேலை போய்விடக் கூடாது என்றுதான் செய்தேன் என்று ரொம்ப காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பாதிதான் நிஜம். மீதிப் பாதி, ஓனர் வாயில் நான் விழக் கூடாது என்ற பயம். பஞ்சு அழகாகக் காய்ந்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளனே பஸ்ஸில் வந்து இறங்கிய பஞ்சண்ணனை, வயிற்றிலிருந்து பஞ்சுகளை எடுத்து அடுக்கக்கூட ஓனர் விடவில்லை. சம்பந்தி வெள்ளைச் சட்டையில் பக்கத்தில் நின்றார். “ம், ஆகட்டும், ஆகட்டும்” என்று ஓனர் கையைத் தட்டினார். நான் மெத்துப் பஞ்சை நீட்டினேன். பஞ்சண்ணன் அதை இடது கன்னத்தில் வைத்தார். கண்ணைத் திறந்தார்.

“எப்பிடிங்க இது காஞ்சுச்சு?”

“ஃபேன் போட்டேண்ணே,” என்றேன்.

ஒரு கணம் என்னைப் பார்த்தார். ஓனரைப் பார்த்தார். பஞ்சைத் தட்டில் அப்படியே ஒட்டி, மெஷினை ஓடவிட்டார். புரட்டிப் பார்க்கவில்லை.

இரண்டு நிமிடம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. போனட்டின் விளிம்பு வளைவுக்கு வந்தபோது ‘தொப்’ என்று ஒரு சத்தம். ஒட்டுத்துணி தட்டோடு நின்றுவிட்டது. பஞ்சு மட்டும் மருந்தும் தானுமாகப் பறந்துபோய் சம்பந்தியின் வெள்ளைச் சட்டையில், நடு நெஞ்சில் அப்பிக்கொண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. பஞ்சண்ணன் மெஷினை நிறுத்த ஒரு நொடிதான் எடுத்தார். வெறுந்தட்டு பெயிண்டைத் தின்ன அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது. கறுப்பு போனட்டில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக ஒரு பிறை. பெயிண்ட் போய் அடிப்பூச்சு தெரிந்தது.

“யோவ்! பஞ்ச ஒழுங்கா மாட்டுனியா இல்லையா?” என்று ஓனர் கத்தினார்.

பஞ்சண்ணன் சட்டையிலிருந்து நழுவிக் கீழே விழுந்த பஞ்சை எடுத்தார். பின்பக்கம் புரட்டினார். இளகி வழிந்து காய்ந்திருந்த பசையைக் கட்டைவிரலால் தடவினார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

“மாட்டுறதுக்கு முன்னாடி பொரட்டிப் பாக்கலீங்க,” என்றார் ஓனரிடம். “என் தப்புதேன்.”

“கெளம்பு. இந்த நிமிஷமே கெளம்பு.”

கெஞ்சவில்லை. தட்டுகளைத் துடைத்துப் பெரியதிலிருந்து சின்னது வரை வரிசையாக வைத்தார். ஸ்வெட்டரைத் தூக்கி, வயிற்றிலிருந்து நாலு பஞ்சையும் ஒவ்வொன்றாக எடுத்து என் மேசையில் வைத்தார். நாலும் நன்றாகக் காய்ந்திருந்தன, அவர் உடம்புச் சூடு இன்னும் அதில் இருந்தது. “சூட்டுல வச்சுறாதீங்க,” என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு, வயிறு வற்றிப்போன மனிதராகச் சாலையில் இறங்கி நடந்தார். ஒரு வார்த்தை, ‘நான்தான்’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பசை மட்டும் எந்தச் சூட்டுக்கும் இளகவில்லை.

அதன் பிறகு கடை, ஓனர் நினைத்த மாதிரியே ஆனது. ஒரே தட்டு, ஒரே பஞ்சு, ஒரு மணி நேரத்தில் ஒரு வண்டி. ஸ்டார் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பெயிண்டின் ஆயுசு பாதியாகக் குறைந்ததை எவனும் கண்டுபிடிக்கவில்லை, படம் எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நான் ஒரு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காமல் மலையிறங்கி, இப்போது பழனி அடிவாரத்தில் ஒரு லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் உங்களுக்கு இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன். தினமும் பத்து வண்டியாவது பட்டை போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நிற்கும். துண்டை எடுப்பார்கள். நறநறவென்ற அந்தச் சத்தம் என் பல்லில் கேட்கும்.

பஞ்சண்ணன் போய் ஆறு வருடம் கழித்து, போன மாசியில், பழைய கார் ஒன்றை வாங்கினேன். வாங்கிய வாரமே திண்டுக்கல்லில் ஓர் ஆரஞ்சுப் பஞ்சும் ஒரு கறுப்புப் பஞ்சும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மன்னவனூருக்கு ஓட்டினேன். வழியெல்லாம் ஒத்திகை. பெரிய வசனம் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

சாலையோரத்துக் காட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். முதலில் அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. இரண்டு கன்னத்திலும் தாடி. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே ஆளாக இருந்தார்.

“வாங்க மேனேசரு,” என்றார், நேற்றுத்தான் பார்த்தவர் மாதிரி. “அந்தக் கறுப்பு வண்டி போனட்டு என்னாச்சுங்க?”

“மதுரையில வேற பெயிண்ட் அடிச்சாங்கண்ணே.”

“அடிச்சுட்டு மெருகு போட்டாங்களா? எந்தத் தட்டுல?”

“எனக்கு எப்பிடித் தெரியும்?”

“கேட்டு வச்சிருக்கணும்ல?” என்று கடிந்துகொண்டார். என் வசனம் முழுக்க மறந்துபோனது.

“பஞ்சண்ணே, அந்தப் பஞ்சைக் கணப்புல காயப்போட்டது நான்.”

“தெரியும்ங்க. கரி வாசம் அடிச்சுச்சே.”

“தெரிஞ்சும் ஏண்ணே சொல்லல?”

அவர் மூட்டை மேல் உட்கார்ந்தார். “வாசம் புடிக்கிறதுக்கு முன்னாடியே தெரியும்ங்க. ஃபேன் போட்டேன்னு சொன்னீங்கள்ல? கொடைக்கானல்ல ஏதுங்க ஃபேனு? நம்ம கடையில ஃபேன் இருந்துச்சா? ஒங்க வீட்டுலதேன் இருந்துச்சா? நீங்க கீழ்நாட்டு ஆளு, வாயில ஃபேனுதேன் வருது.” சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆறு வருடமாக என் பொய்யில் இருந்த அந்த ஓட்டை எனக்கே உறைக்கவில்லை.

“பொய்யின்னு தெரிஞ்சுபோச்சு. பொரட்டிப் பாத்திருந்தா ஒட்டு எளகிக் கெடந்தது தெரிஞ்சிருக்கும். பாக்கல. ஓனரு நிக்கிறாரு, சம்பந்தி நிக்கிறாரு, இதுலயும் இழுத்தா வீட்டுக்கு அனுப்பிருவாரு, அண்ணன் காட்டுக்கு வரணும். பயந்துட்டேங்க. ஒரே ஒரு நா பயந்தேன், அன்னைக்கே போச்சு. நீங்க காய வச்சீங்க, சரி. தெரிஞ்சுக்கிட்டே மாட்டுனவன் நாந்தேன? மாட்டுனவன் தப்புதேன் அது.”

“மன்னிச்சிருங்கண்ணே,” என்றேன். அதற்கு அவர் பதில் சொல்வதற்குள் காட்டுக்கு நடுவிலிருந்து அண்ணன் குரல் வந்தது.

“ஏலே! அங்க என்ன சோலி ஒனக்கு? மூட்டை பூராம் கெடக்கு!”

பஞ்சண்ணன் எழுந்தார். நான் அவசரமாகப் பையிலிருந்து இரண்டு பஞ்சையும் எடுத்து நீட்டினேன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கறுப்பை வாங்கி இடது கன்னத்தில் அழுத்தினார். கண்ணை மூடினார். நெடுநேரம் நின்றார்.

“ஒண்ணும் தெரியல மேனேசரு,” என்றார். “தாடி மறைக்குது.”

அதைச் சொன்னபோது அவர் குரல் உடைந்ததா, இல்லை எனக்குத்தான் அப்படிக் கேட்டதா, தெரியவில்லை. நான் அழுதுவிட்டேன். அவர் அதைக் கவனிக்காதவர் மாதிரி இரண்டு பஞ்சையும் ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டார். சாலையில் நின்ற என் காரைத் தூரத்திலிருந்தே ஒரு பார்வை பார்த்தார். “வெறுந்துணியில தொடைக்கிறீங்க,” என்றார். அண்ணன் மறுபடியும் கத்தினார். பஞ்சண்ணன் வயிறு துருத்திக்கொண்டிருக்க, மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாள் கழித்து, யாரோ ஒருவருடைய நம்பரிலிருந்து எனக்குப் போன் வந்தது. வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை.

“சவரம் பண்ணிப் பாத்தேன் மேனேசரு. கறுப்பு நல்ல பஞ்சு. ஆரஞ்சு போலி, அந்தச் சரக்க இன்னொருக்கா வாங்கி வண்டியில வச்சுறாதீங்க.” கட் பண்ணிவிட்டார்.

எந்தக் கன்னத்தை என்று நான் கேட்கவில்லை.

எங்கள் லாட்ஜ் வாசலில் நிற்கும் அந்தப் பழைய காரைப் பார்த்துவிட்டு, இதற்கு ஒரு மெருகு போடக் கூடாதா என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். அடிவாரத்திலேயே நாலு கடை இருக்கிறது. இருக்கட்டும். என் வண்டி இத்தனை கீறலோடும் இப்படியே ஓடும். அவர் இடது கன்னத்தில் வைத்துப் பார்க்காத எந்தப் பஞ்சையும் அதன் மேல் பட விட எனக்கு மனசில்லை.